திரும்பி வரும் கப்பல்

எங்களுக்குக் கலியாணமாகி நாற்பது வருடம் நிறைந்ததென்று பிள்ளைகள் மூவரும் காசு சேர்த்து, ஒக்லாந்திலிருந்து பிஜிக்குப் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலுக்கு இரண்டு ரிக்கற் வாங்கி வந்தார்கள். 2023 ஆம் ஆண்டு, மழையும் குளிருமான ஆனி மாதம். யன்னல் வைத்த அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இரவில் பாட்டும் நடனமும். "நீங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கப்பலில் போனதில்லைத்தானே" என்றாள் இளைய மகள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போயிருக்கிறோம். அதை அவளுக்கு இத்தனை வருடமாகச் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது.

1983 சித்திரையில் எங்களுக்குக் கலியாணம். வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் குடியிருந்தோம். ஆடியில் அந்த அறை எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் வகுப்பறைத் தரையில் படுத்துக் கிடந்தோம். எங்கள் முறை வந்தபோது 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டோம். கையில் மாற்றுடுப்பாக ஒரு சேலை, ஒரு சாரம். தேனிலவு என்று எதையேனும் சொல்வதானால் அதுதான் எங்கள் தேனிலவு. சொந்த நாட்டின் ஒரு துறையில் ஏற்றி இன்னொரு துறையில் இறக்கினார்கள். திரும்புவதற்கு யாரும் சீட்டுத் தரவில்லை. அதன் பிறகு எங்களில் ஒருத்தி எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஒக்லாந்துத் துறைமுகத்தில் ஓடும் சிறு பயணிகள் படகில்கூட ஏறமாட்டாள்.

பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதென்று சம்மதித்தோம். புறப்படுமுன், போகப்போகும் கடலைப் பற்றி அறிந்துகொள்ளலாமென்று லோர்ன் வீதியிலுள்ள மத்திய நூலகத்துக்குச் சில நாட்கள் போனோம். அங்கே 1884 என்ற ஒரே வருடம் மூன்று இடங்களில் எங்களை மறித்தது.

முதலாவது, நியூசிலாந்திலிருந்து தென்கடற் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் தொடங்கியது அந்த வருடத்தில். யூனியன் நீராவிக்கப்பல் கம்பனியின் 'வைரராப்பா' பிஜி, சமோவா, தொங்கா தீவுகளைச் சுற்றிக்காட்டப் பயணிகளை ஏற்றிச் சென்றது. டனீடன் நகரத்துப் புகைப்படக்காரர் அல்பிரட் பேர்ட்டனும் அதில் போனார். வெப்பவலயத் தீவுகளைப் படமெடுத்து வந்து விற்றார்.

இரண்டாவது, அதே 1884 வைகாசி 11 ஆம் திகதி இரவு 'சிரியா' என்ற பாய்க்கப்பல் பிஜியின் நசிலாய்ப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஓடி வந்த அந்தக் கப்பலில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான ஒப்பந்தக் கூலிகள் இருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோயினர். உல்லாசப் பயணிகள் பிஜிக்கு வந்திறங்கிய வருடத்தில், அதே தீவின் கரையில் இவர்கள் புதைக்கப்பட்டார்கள்.

மூன்றாவது ஒக்லாந்திலேயே இருக்கிறது. துறைமுகத்தின் வடகரையில், பேர்க்கன்ஹெட்டில், செல்சி சீனி ஆலை வேலை தொடங்கியதும் 1884 இல்தான். சிட்னியின் சி.எஸ்.ஆர். சீனிக் கம்பனி அதில் ஆரம்பத்திலேயே பங்கு வைத்திருந்து பின்னர் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பிஜியின் பெருங் கரும்பாலைகளும் அதே கம்பனியின் கையில் இருந்தன. பிஜியிற் பிழிந்த சீனி இங்கே வெளுக்கப்பட்டு, தேநீர்க் கோப்பைகளுக்குப் போயிற்று. பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்த ஆலையின் இளஞ்சிவப்புச் சுவர்களைப் பார்க்கிறோம். அவற்றுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் உள்ள உறவை நாங்கள் யோசித்ததே இல்லை.

பள்ளிக்கூட நாளில் பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டைப் படித்த எவருக்கும் பிஜி தெரிந்த பெயர். 1879 முதல் 1916 வரை 60,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1903 இலிருந்து சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். மொத்தத்தில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் அப்படித் தென்னாட்டிலிருந்து போனவர்கள். 'அக்ரிமென்ற்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. ஐந்து வருட வேலை. கொடுத்த வேலையை முடித்தால் நாளொன்றுக்கு ஆணுக்கு ஒரு சிலிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது சட்டம். கப்பலில் தனி ஆண்கள் முன்பக்கம், தனிப் பெண்கள் பின்பக்கம், குடும்பங்கள் நடுவில். ஊரில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் கூலி முகாமிலும் கப்பலிலும் சோடி சேர்ந்து, கணவன் மனைவியாகக் கரையிறங்கியதும் உண்டு. கப்பல் வைத்தியருக்கு உயிருடன் இறக்கப்பட்ட தலைகளை எண்ணிப் பணம் கொடுத்தார்கள்.

இவர்களுக்குத் திரும்பும் உரிமை காகிதத்தில் இருந்தது. ஐந்து வருடம் முடிந்தால் சொந்தச் செலவில் போகலாம். பத்து வருடம் இருந்தால் அரசாங்கச் செலவில் போகலாம். ஆனாலும் பெரும்பாலானோர் திரும்பவில்லை. பத்து வருடத்தில் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. ஊரில் பெற்றோர் இறந்துவிடுகிறார்கள். திரும்பிப் போனால் சாதிக்குள் சேர்ப்பார்களோ என்ற பயம் வந்துவிடுகிறது. இதை எங்கள் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

குயீன்ஸ் இறங்குதுறையிலிருந்து கப்பல் நகர்ந்தபோது எங்களில் ஒருத்தி அறைக்குள்ளேயே இருந்தாள். ரங்கிடோட்டோத் தீவைத் தாண்டிய பிறகுதான் மேல்தளத்துக்கு வந்தாள். இரண்டு நாளில் குளிர் விட்டது. நீச்சற் குளத்தைச் சுற்றி எங்கள் வயதுச் சோடிகள் வெயில் காய்ந்தார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள். அவர்கள் கடலைப் பார்த்த பார்வையில் எந்தக் கேள்வியும் இருக்கவில்லை. நாங்களோ, உயிர்காப்புப் படகுகளை எண்ணி, எத்தனை பேருக்குக் காணுமென்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சூவாவில் இறங்கி ஒரு வாடகைக்கார் பிடித்தோம். ஓட்டியவர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். நாங்கள் தமிழர் என்றதும் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். பூட்டனார் சென்னையிலிருந்து வந்தவராம். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல்லுக்குள் அடங்கியது: அம்மா, தண்ணி, சாமி, வா, போ. 1926 இல் தொடங்கிய சங்கத்தின் பள்ளிக்கூடத்திற் படித்தவர். ஆண்டுதோறும் நாடி முருகன் கோயிலுக்குப் போகிறவர். ஆயினும் வீட்டுப் பேச்சு இந்திதான். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அது பூட்டனாரின் குடியகல்வுச் சீட்டு. கப்பலின் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், நெற்றியில் தழும்பு, மாவட்டம் வட ஆற்காடு, கிராமம் இன்னது. கிராமத்தின் பெயரை ஒரு வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நாலு தலைமுறையாக அதை அப்படியே பிழையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். எப்படி உச்சரிப்பதென்று கேட்டார். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்றோம். அவர் மெல்ல மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு காரை எடுத்தார். கூலி வாங்க மறுத்தார்.

அவருடைய சகோதரர்கள் ஒக்லாந்தில் இருக்கிறார்களாம். 1987 வைகாசி 14 ஆம் திகதி பிஜியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முதலாவது கூலிக் கப்பலான 'லியோனிடாஸ்' 1879 இல் வந்து சேர்ந்ததும் அதே வைகாசி 14. அந்தப் புரட்சிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் மறுபடி பெட்டி கட்டினார்கள். ஒக்லாந்துக் கடைத்தெருவில் பிள்ளை, கவுண்டர், முதலியார் என்ற பெயர்ப்பலகைகளுடன் தமிழ் பேசாதவர்களைக் கண்டு, முன்பு நாங்கள் மனதுக்குள் சிரித்ததுண்டு. இப்போது அந்தச் சிரிப்பை நினைக்க வெட்கமாக இருக்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எத்தனை சொல் தெரியும்?

திரும்பும் வழியில் இன்னொரு கப்பலை நினைத்தோம். 2011 ஆடியில் 'அலிசியா' என்ற கப்பலில் எண்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் இந்தோனேசியாவின் பிந்தான் தீவருகே மறிக்கப்பட்டார்கள். நியூசிலாந்துக்குப் போகவேண்டும் என்று எழுதிய மட்டைகளை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். அவர்களுக்கு இங்கே வரவேற்பில்லை என்று அன்றைய பிரதமர் ஜோன் கீ சொன்னார். 2013 இல், முப்பது பேருக்கு மேல் கூட்டமாகக் கப்பலில் வருவோரைத் தடுத்துவைக்கச் சட்டமும் வந்தது. நாங்கள் குடியுரிமை பெற்ற நாடு இது. அன்று நாங்களும் வாய் திறக்கவில்லை.

கடைசி இரவு கப்பல் கிறேற் பாரியர் தீவை அண்டி வந்தது. பத்து வருடம் கழிந்து 1894 ஐப்பசி 29 ஆம் திகதி, அதே 'வைரராப்பா' சிட்னியிலிருந்து ஒக்லாந்துக்கு வரும்போது அந்தத் தீவின் பாறையில் மோதியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தி ஒக்லாந்தை எட்ட மூன்று நாள் ஆயிற்று. உல்லாசக் கப்பலையும் கூலிக் கப்பலையும் கடல் வேறு பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த வேறுபாட்டைத் துறைமுகத்தில் நின்று மனிதர்தான் செய்கிறார்கள்.

விடியற்காலையில் ஏறிய துறையிலேயே இறங்கினோம். மகள் காரோடு நின்றாள். படம் எங்கே என்று கேட்டாள். அன்றிரவு அவளை இருத்தி 1983 ஐச் சொன்னோம். எங்களுக்கென்று எந்த எழுத்தரும் எழுதித்தந்த சீட்டு எங்கள் கையில் இல்லாதபடியால், நாங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: கப்பல், லங்கா கல்யாணி. ஏறிய துறை, கொழும்பு. இறங்கிய துறை, காங்கேசன்துறை. ஆட்கள், இருவர். ஊரின் பெயரைத் தமிழில் எழுதி, அவளை உரக்க வாசிக்கச் சொன்னோம்.