கூண்டுக்குள் எத்தனை நாள்? - நாய்க் காப்பகங்களின் கதை

காப்பகத்தில் இருக்கும் நாய்க்கு ஒரே ஒரு வேலைதான். காத்திருப்பது! காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து கம்பி ஓரம் வரும். வாலை ஆட்டும். கம்பி இடுக்கில் மூக்கை நீட்டும். வந்தவர் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிட்டால் பழையபடி போய்ப் படுத்துக்கொள்ளும். இப்படி எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பது அந்த நாய்க்குத் தெரியாது. ஆனால் பல நாடுகளில் அது சட்டத்திலேயே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்று நாள்... ஏழு நாள்... 'வீடு கிடைக்கும் வரை' என்று சொல்லும் காப்பகங்கள் பெருகியது மிகவும் பிற்காலத்தில்தான். நாய்க் காப்பகங்களின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்த நாள் கணக்கின் வரலாறு.

சமையலறையில் தொடங்கியது

1860-ஆம் ஆண்டு லண்டன். குதிரை வண்டிகளுக்கு நடுவே பட்டினியோடும் சொறியோடும் அலைந்த நாய்களுக்குக் கணக்கே இல்லை. இஸ்லிங்டன் பகுதியில் மேரி டீல்பி என்ற பெண்மணி வாழ்ந்து வந்தார். கணவரைப் பிரிந்தவர், அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய தோழி சாரா மேஜர், தெருவில் பட்டினியால் சாகக் கிடந்த ஒரு நாயைத் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பராமரித்து வந்தார். எவ்வளவோ பார்த்தும் அது பிழைக்கவில்லை. இப்படி இன்னும் எத்தனை நாய்களோ என்ற எண்ணம் டீல்பியை விடவில்லை.

அந்த அக்டோபரிலேயே ஒரு சிறு குழு கூடியது. ஹாலோவே பகுதியில் குதிரை லாயம் ஒன்றில் இல்லம் திறக்கப்பட்டது. 'தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்று பெயர். இதில் 'தற்காலிக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் தேடி வரும் வரை, அவர் வராவிட்டால் வேறொரு வீடு கிடைக்கும் வரை நாய் தங்கும் இடம் அது. இன்றைக்கு 'தத்துக் கொடுத்தல்' என்று சொல்லப்படும் ஏற்பாட்டின் விதை அங்கேயே இருந்தது.

ஊர் சிரித்தது. 'தி டைம்ஸ்' பத்திரிகை, இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்கிற தோரணையில் கேலி செய்து எழுதியது. மனிதர்களே தெருவில் பசியோடு கிடக்கும் ஊரில் நாய்க்கு வீடா என்பது அன்றைய கேள்வி. நியாயமில்லாத கேள்வி என்றும் சொல்லிவிட முடியாது. அன்றைய லண்டனில் அநாதைக் குழந்தைகளின் நிலை அப்படித்தான் இருந்தது.

இரண்டே ஆண்டுகளில் ஒரு திருப்பம் வந்தது. 1862 ஆகஸ்டில் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 'இரண்டு நாய்க் கண்காட்சிகள்' என்று ஒரு கட்டுரை வெளியானது. ஒன்று, இஸ்லிங்டனில் பரிசுக்காக நிறுத்தப்பட்ட உயர்சாதி நாய்களின் கண்காட்சி. மற்றொன்று, அங்கிருந்து அதிக தூரமில்லாத ஹாலோவேயில் யாருக்கும் வேண்டாத நாய்களின் இல்லம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் கேலி குறைந்து நன்கொடை வரத் தொடங்கியது. டீல்பி 1865-இல் புற்றுநோயால் இறந்தார். 1871-இல் இல்லம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, ரயில் பாதைகளுக்கு நடுவே இருந்த பேட்டர்சீக்கு இடம் மாறியது. 'பேட்டர்சீ' என்றாலே நாய் இல்லம் என்று இன்று உலகம் முழுக்கத் தெரிகிறதே, அது இதுதான்.

மூன்று நாள்

டீல்பி இறந்து இரண்டு ஆண்டுகளில், 1867-இல், லண்டன் தெருக்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று வந்தது. ஆளில்லாமல் திரியும் நாய்களைப் போலீஸ் பிடிக்கலாம். மூன்று முழு நாட்களுக்குள் உரிமையாளர் வந்து செலவைக் கட்டி மீட்காவிட்டால் நாயை விற்கலாம், அல்லது கொல்லலாம். சில ஆண்டுகளில் போலீஸ் பிடிக்கும் நாய்கள் பேட்டர்சீக்கு வரத் தொடங்கின. இரக்கத்தில் பிறந்த இல்லம், நகரத்தின் தெருவைச் சுத்தப்படுத்தும் வேலையில் பங்காளியாகிவிட்டது.

இதன் பின்னால் இருந்தது வெறும் கொடுமையல்ல, பயம். வெறிநாய்க்கடிக்கு அன்று மருந்தே கிடையாது. பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட்டது 1885-இல்தான். பிரிட்டனில் ரேபிஸ் ஒழிந்தது 1902-இல். அதுவரை நாய்களுக்கு வாய்ப்பூட்டு மாட்டும் ஆணைகள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒவ்வொரு முறை பீதி கிளம்பியபோதும் நாய்கள் பேட்டர்சீயில் வந்து குவிந்தன.

வருகிற நாய் ஆயிரம், தேடி வருகிற ஆள் சிலர் என்றால் என்ன ஆகும்? நல்ல சாதி நாய்க்கும் அழகான நாய்க்கும் வீடு கிடைத்தது. மற்றவை கொல்லப்பட்டன. 1884-இல் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் வடிவமைத்த 'மரண அறை' பேட்டர்சீயில் அமைக்கப்பட்டது. பல நாய்களை ஒரே நேரத்தில் உள்ளே அனுப்பி வாயுவால் மயக்கிக் கொல்லும் ஏற்பாடு. ரிச்சர்ட்சன் கொடுங்கோலர் அல்ல. மயக்க மருந்து ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். வலியில்லாத சாவு என்பதே அவருடைய நோக்கம். அடுத்த ஆண்டே விக்டோரியா மகாராணி இந்த இல்லத்தின் புரவலரானார். முன் வாசல் வழியே புது வீட்டுக்குப் போகும் நாயும், பின்கட்டில் மரண அறைக்குப் போகும் நாயும் ஒரே இடத்தில் காத்திருந்தன. இரண்டுமே வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஆற்றில் இறங்கிய கூண்டு

இது கொடுமை என்று தோன்றினால் அதே காலத்து நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். அங்கே நகராட்சியின் நாய்ப்பட்டியில் சேர்ந்த நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து, கிரேனால் தூக்கி, ஈஸ்ட் நதியில் முக்கினார்கள். 1877 ஜூலையில் ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்ட நாய்கள் இப்படி மூழ்கடிக்கப்பட்டன. ஹென்றி பெர்க் 1866-இல் தொடங்கிய அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம், 1894-இல் அந்த நகரத்தின் நாய் வேலையையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆற்றுக் கூண்டு ஒழிந்தது. ஆனால் கொல்வது ஒழியவில்லை. கொல்லும் வேலை இப்போது நாயை நேசித்தவர்கள் கைக்கு வந்தது!

பிலடெல்பியாவில் வேறு விதமாக ஒரு முயற்சி நடந்தது. கரோலின் ஏர்ல் வைட் என்பவர் தலைமையில் பெண்கள் 1869-இல் தனி அமைப்பு தொடங்கினார்கள். சங்கத்தை உருவாக்கப் பாடுபட்டவரே அவர்தான், ஆனால் பெண் என்பதால் அதன் நிர்வாகத்தில் இடமில்லை. அதனால் வந்த பெண்கள் பிரிவு அது. நகரத்திடம் பேசி, பிடிபட்ட நாய்களைத் தாங்களே வாங்கி வைத்து, உணவும் தண்ணீரும் கொடுத்து, வீடு தேடிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் முதல் விலங்குக் காப்பகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். லண்டனிலும் சரி, பிலடெல்பியாவிலும் சரி, அன்று ஓட்டுரிமைகூட இல்லாத பெண்கள்தான் இதைத் தொடங்கினார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏழு நாள்

1903-இல் லண்டனில் ஒரு கல்லூரி விரிவுரையின்போது, டெரியர் ரகத்தைச் சேர்ந்த ஒரு சிறிய பழுப்பு நாய் மாணவர்கள் முன்னால் அறுக்கப்பட்டது. மயக்க மருந்து சரியாகக் கொடுக்கப்படவில்லை என்று ஒரு தரப்பும், கொடுக்கப்பட்டது என்று மற்றொரு தரப்பும் வழக்காடின. அந்த நாய்க்கு 1906-இல் ஒரு சிலை வைத்தார்கள். எங்கே தெரியுமா? பேட்டர்சீயில்! மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்க வந்தார்கள், உள்ளூர்த் தொழிலாளர்கள் தடுத்தார்கள், தெருச் சண்டையே நடந்தது. கடைசியில் 1910-இல் போலீஸ் காவலோடு சிலை அகற்றப்பட்டது. புதிய சிலை 1985-இல்தான் வந்தது.

சிலை வைத்த அதே 1906-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நாய்கள் சட்டத்தை நிறைவேற்றியது. பிடிபட்ட நாயை ஏழு முழு நாட்கள் வைத்திருக்க வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் அறுவைச் சோதனைக்கு விற்கக்கூடாது. மூன்று ஏழானது. காகிதத்தில் பார்த்தால் நான்கே நாள் வித்தியாசம். ஆனால் வேலைக்குப் போகும் ஏழை ஒருவர் தன் நாயைத் தேடி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர அந்த நான்கு நாள் போதும். 1990-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே ஏழு நாள்தான் தொடர்ந்தது.

இடையில் இரண்டு உலகப் போர்கள். முதல் போரில் எட்வின் ரிச்சர்ட்சன் என்ற ராணுவ அதிகாரி, போர்முனையில் செய்தி கொண்டு போக நாய்களைப் பழக்கினார். அவருக்கு நாய் கொடுத்த இடங்களில் பேட்டர்சீயும் ஒன்று. யாருக்கும் வேண்டாத தெரு நாய்கள் குண்டு மழையில் ஓடின. 1939-இல் இரண்டாம் போர் தொடங்கியதும், குண்டு விழும், உணவு கிடைக்காது என்று பயந்த மக்கள் லட்சக்கணக்கில் தங்கள் செல்லப் பிராணிகளைத் தாங்களே கொல்லக் கொடுத்தார்கள். அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பேட்டர்சீ, போர் முடிவதற்குள் 1,45,000 நாய்களைப் பராமரித்தது.

எட்டு நிமிடம்

பெரிய மாற்றம் 1990-களில் அமெரிக்காவில் வந்தது. 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆரோக்கியமான, தத்துக் கொடுக்கத் தகுந்த நாய், பூனை எதையும் நகரம் கொல்லாது, இடமில்லை என்றால் தனியார் சங்கம் எடுத்துக்கொள்ளும். 1998-இல் கலிபோர்னியா மாநிலம் 72 மணி நேரமாக இருந்த காத்திருப்பு அவகாசத்தை ஆறு வேலை நாட்களாக உயர்த்தியது. மாலையிலோ வார இறுதியிலோ திறந்திருக்கும் காப்பகத்துக்கு நான்கு நாள். மக்கள் வரக்கூடிய நேரத்தில் கதவைத் திறந்து வை என்பதே அந்தச் சலுகையின் பொருள். கருத்தடை அறுவையும் பரவியது. அமெரிக்கக் காப்பகங்களில் கொல்லப்பட்ட நாய், பூனைகள் 2011-இல் சுமார் 26 லட்சம் என்று பெர்க் தொடங்கிய அதே சங்கம் மதிப்பிட்டது. 2019-இல் அது 9 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்தது.

சரி, காத்திருக்கும் நாய்களில் எது போகும், எது தங்கும்? புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தத்தெடுக்க வந்தவர்கள் ஒரு நாயோடு சராசரியாகச் செலவிட்டது எட்டே நிமிடம் என்கிறது. அந்த நேரத்தில் நாய் என்னென்னவோ செய்யும். ஆனால் முடிவை மாற்றியவை இரண்டே விஷயங்கள். விளையாடக் கூப்பிட்டால் கண்டுகொள்ளாமல் இருக்கக்கூடாது. வந்தவர் அருகில் வந்து படுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்! பல மாதக் காத்திருப்பு எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அன்று பயத்தில் மூலையில் ஒடுங்கிய நல்ல நாய்க்கு மறுபடியும் கூண்டு.

அதனால்தான் இன்றைய நல்ல காப்பகங்கள் நாள் கணக்கையே கைவிட்டுவிட்டன. பேட்டர்சீயில் ஒரு நாய் இத்தனை நாள்தான் இருக்கலாம் என்ற வரம்பு இப்போது இல்லை. தீராத நோய், மாற்ற முடியாத மூர்க்கம் போன்ற காரணங்களால் சில நாய்கள் அங்கேயும் கருணைக்கொலை செய்யப்படுகின்றன. ஆனால் 'நாள் முடிந்துவிட்டது' என்பது காரணமாக இருப்பதில்லை.

நம் ஊரில்?

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ், தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964 முதல் சொல்லி வந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். 2001-இல் அது மத்திய அரசின் விதியானது. நாயைப் பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு! அதாவது இங்கே காப்பகம் என்பது நாய் வந்து போகும் இடம், காத்திருக்கும் இடமல்ல.

2025-இல் இது அசைந்தது. ரேபிஸ் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் நடக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கடிபடுகிறவர்களில் குழந்தைகளும் அதிகம். எனவே பயம் பொய்யல்ல. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும், திரும்ப அங்கேயே விடக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதற்கு முன் ஆகஸ்டில் வந்த உத்தரவில், விரும்புகிறவர்கள் தெரு நாயைத் தத்தெடுக்க உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லியிருந்தது.

முதல் உத்தரவைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஆனால் பேட்டர்சீயின் வரலாறு சொல்வது இரண்டாவதைப் பற்றித்தான். பிடித்து வரும் வண்டி மட்டும் பெருகி, தத்தெடுக்க வரும் ஆள் பெருகாத இடத்தில், நல்ல மனம் கொண்டவர்கள் நடத்திய இல்லத்திலும் மரண அறை வந்தது. இங்கே ஆரோக்கியமான நாயைக் கொல்லச் சட்டம் இடம் தராது. அப்படியென்றால் அது ஆயுள் முழுக்கக் கூண்டில் இருக்க வேண்டும். கூண்டு கட்ட அரசாங்கத்தால் முடியும். சுவரும் கூரையும் பணம் கொடுத்தால் வரும். ஒரு நாட்டு நாயின் எதிரே எட்டு நிமிடம் உட்கார ஆள் வேண்டுமே... அதை எந்த உத்தரவாலும் கொண்டு வர முடியாது.