முருகைக்கல் வீடுகள்

விக்டோரியா மகாராணியின் காலத்தில் (1837–1901) இலண்டன் மாநகர் செங்கல்லில் வளர்ந்தது. எமது தீவகமோ முருகைக்கல்லில் வீடு கட்டியது. சுண்ணக்கற் பாறைமேல் மெல்லிய மண் படிந்த ஊர்களில் செங்கல் சுடக் களி அரிது. கடல் தந்த கல்லை அடுக்கி, அதே கல்லைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பிணைத்தார்கள். மேலே பனஞ்சிலாகை, பீலி ஓடு. வசதியுள்ளவர் நடுவே முற்றம் வைத்து நாற்சார் வீடு கட்டினர்.

இந்தக் கைவேலை விக்டோரியாவுக்கும் முந்தியது. நெடுந்தீவின் கோட்டையும் முருகைக்கல்தான். அங்குள்ள வளவு மதில்களுக்குச் சாந்தே கிடையாது. வெறும் கல்லடுக்கு, கடற்காற்று இடையால் புகுந்து போகும்.

1990களின் இடப்பெயர்வுக்குப் பின் மீண்டவர்களிற் பலர் பழஞ்சுவருக்குச் சீமெந்து பூசினார்கள். உறுதி தேடியவர்களைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைக் காற்றுக்கு விட்டுவிடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும். உப்பு கல்லைப் பொடியாக்கும், பூஞ்சணம் படரும். தொய்வுக்காரருக்கு அந்த அறை ஆகாது என்பதை வைத்தியர்களாகிய நாம் சொல்லாமல் விட முடியாது.

கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடை, நல்ல தடைதான். ஆகவே இடித்த சுவருக்குப் புதுக்கல் கிடையாது. தாய்வீட்டைத் திருத்த எண்ணியிருக்கும் சங்கத்துச் சகோதரிகள், விழுந்த கற்களை வளவிலேயே சேர்த்து வைத்து, மேசனிடம் சுண்ணாம்புச் சாந்தே கேளுங்கள். அதற்குச் சுண்ணக்கல்லில் சுட்ட சுண்ணாம்பே போதும்.