சீவாளிக்கு வரலாறு உண்டா?

பதினாறு வயதில் ஒரு வருஷம் நாதசுரம் கற்கப் போனேன். ஊதினால் காற்று மட்டும் வரும். இல்லையென்றால் கீச்சென்று கத்தும். 'ஒனக்கு மூச்சு பத்தலெ' என்பார் வாத்தியார். ஒருநாள் தன்னுடைய சீவாளியைச் செருகிக் கொடுத்தார். சத்தம் வந்துவிட்டது. மறுநாள் என் பழைய சீவாளி; மறுபடியும் மூச்சு பத்தாதவனானேன். கோளாறு உதட்டிலா, சீவாளியிலா, குழலிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதிருப்பதுதான் கற்பவனின் நிலை. பல வருஷம் கழித்து ஐரோப்பிய ஓபோவின் வரலாற்றைப் படித்தபோது, அங்கே வரலாறு எழுதுபவனுக்கும் இதே திண்டாட்டம் என்று தெரிந்தது.

கூம்பாக விரியும் உட்துளை, இரட்டை நாக்கு என்ற அளவில் ஓபோவும் நாதசுரமும் ஒரே வகையறா. அதனால் அங்குள்ளதையும் சீவாளி என்றே சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், பதினான்காம் லூயியின் அரசவையைச் சேர்ந்த ஓத்தேத்தர், பிலிதோர் குடும்பத்தார் திறந்தவெளியில் முழங்கிய ஷாம் என்ற குழலைத் திருத்தி, அறைக்குள் நரம்பு வாத்தியங்களோடு சேரும்படி ஆக்கினார்கள் என்பது வழக்கமான கதையாடல். அக்காலத்து பாக்ஸ் மரக் குழல்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குரலை உண்டாக்கிய சீவாளிகளோ அநேகமாக இல்லை. அளவெடுத்து வைக்கப்பட்ட குழல் ஊமை.

சீவாளி ஏன் மிஞ்சவில்லை என்பதைக் கற்கும் பிள்ளையிடம் கேட்டால் போதும். தென் பிரான்சின் வார் பகுதியில் விளையும் நாணல் தட்டையை மூன்றாகப் பிளந்து, உட்புறத்தை நடுவில் சுமார் 0.6 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, இரண்டாக மடித்து, தக்கை சுற்றிய உலோகக் குழாயில் நூலால் கட்டி, நுனியைப் பிரித்து, கத்தியால் சீவ வேண்டும். கடைசிச் சீவலில் கை கொஞ்சம் அழுத்தினால் அவ்வளவு வேலையும் போச்சு. சரியாக அமைந்தாலும் சில வார ஆயுசு. வெயிலுக்கு ஒரு குணம், மழைக்கு ஒரு குணம். இப்படிப்பட்ட வாத்தியத்திடம்தான் இசைக்குழு முழுவதும் சுருதி கேட்டு வாங்கிக்கொள்கிறது! குழலும் லேசுப்பட்டதில்லை. புது மரம் வெடித்துவிடும் என்று ஆரம்பத்தில் தினம் சில நிமிஷமே ஊதவிடுவார்கள். அந்தக் கறுத்த மரம் தான்சானியாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருவது. 'ஐரோப்பிய' வாத்தியம் என்று சொல்லும்போது இது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

'பிரெஞ்சு நாதம்', 'அமெரிக்க நாதம்' என்ற சொல்லாடலையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். பாரிசில் ஜார்ஜ் கில்லேயிடம் பயின்ற மார்செல் தபுத்தோ, 1915 முதல் 1954 வரை பிலடெல்ஃபியா இசைக்குழுவில் வாசித்தார். கர்ட்டிஸ் நிறுவனத்தில் கற்பித்தார். அவர் வழியில் வந்த அமெரிக்கர்கள் சீவாளியை நுனியோடு நிறுத்தாமல் நெடுகச் சீவுகிறார்கள். தேசிய ஆன்மா என்று பேசப்படுவதில் பாதி, கத்தி எங்கே நிற்கிறது என்பதாகவே எனக்குப் படுகிறது.

20ஆம் நூற்றாண்டில் பழைய ஓபோவை உயிர்ப்பிக்க முயன்றவர்கள் ஊகத்தில்தான் சீவாளி செய்யவேண்டியிருந்தது. புரூஸ் ஹெய்ன்ஸ் வாசிப்பவராகவும் ஆய்வாளராகவும் இருந்ததால், 2001இல் வெளிவந்த அவருடைய ஓபோ வரலாற்றில் சீவாளிக்கு உரிய இடம் கிடைத்தது. ஆனாலும் ஒரு சுழல் பாக்கியிருக்கிறது. நாம் முன்பே தீர்மானித்த சுருதிக்கு வரும்வரை சீவாளியைச் சீவுகிறோம். பிறகு அது எழுப்பும் ஒலியைக் காட்டி 'அக்காலத்து நாதம் இது' என்கிறோம். என் வாத்தியார் செய்ததும் ஏறக்குறைய இதுதான். சீவாளியின் குணத்தை என் மூச்சின் மேல் ஏற்றிச் சொன்னார்.

அங்கே வாசிப்பவனே சீவாளியும் செய்துகொள்வது வழக்கம். அதனால் 19ஆம் நூற்றாண்டில் ஆன்ரி புரோ போன்றவர் தன் பயிற்சி நூலிலேயே அதையும் எழுதிவைக்க முடிந்தது. இங்கே ஊதுபவர் ஒருவர், குழல் கடைபவர் ஒருவர், சீவாளி கட்டுபவர் இன்னொருவர். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்துத் திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறவர்களின் அறிவு பெரும்பாலும் அவர்கள் கைகளில்தான் இருக்கிறது. அதே ஊர்ப் பெயரோடு அறியப்பட்ட ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டில் இருக்கிறது. அந்தச் சீவாளியைக் கட்டியவர் யார் என்று எந்த உறையிலும் நான் பார்த்ததில்லை.