களத்திற்கு எந்தக் கருவியுடன் செல்வது? இந்திய ஒலிப்பதிவு வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

கள ஆய்வுக்குப் புறப்படும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கேட்கும் வினா ஒன்று உண்டு: எந்த ஒலிப்பதிவுக் கருவியை வாங்கலாம்? கைபேசியே போதாதா என்பது அதனைத் தொடர்ந்து வரும் வினா. விலைப்பட்டியலை முன்வைத்து விடையளிப்பது எளிது. ஆயினும் இந்தியாவில் நூறாண்டுகளுக்கு மேலாகக் களத்தில் குரல்கள் பதியப்பட்டு வருகின்றன. அப்பதிவுகளுள் எவை இன்று ஆய்வுக்கு உதவுகின்றன, எவை உதவவில்லை என்று பார்த்தால், கருவியின் இயல்பு ஆய்வுப் பொருளின் எல்லையையே வகுத்துவிடுவது புலப்படும். அந்த வரலாற்றின் வழியாக விடை தேடுவதே இப்பதிவின் நோக்கம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எட்கர் தர்ஸ்டனும் க. ரங்காச்சாரியும் ஃபோனோகிராஃபைக் களத்திற்குக் கொண்டு சென்றனர். தலையை அளக்கும் கருவி, நிழற்படக் கருவி ஆகியவற்றோடு ஒன்றாகப் பயணம் செய்த கருவி அது. மெழுகு உருளையொன்றில் அடங்குவது சில நிமிட ஒலி மட்டுமே. பாடுபவர் கொம்புக் குழாயின் வாய்க்கு நெருக்கமாக நின்று உரத்துப் பாட வேண்டும். முழவின் ஆழ்ந்த அதிர்வு மெழுகில் சரியாகப் பதியாது. போட்டுக் கேட்கும் ஒவ்வொரு முறையும் உருளை சற்றே தேயும். ஆகவே பல அடிகள் கொண்ட பாட்டின் தொடக்கம் மட்டுமே பதிவில் எஞ்சியது. பதிவில் இல்லாத பகுதியைப் பாடலிலேயே இல்லாத பகுதியாகக் கருதிவிடும் ஆபத்து இத்தகைய சான்றுகளைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வோடு தொடர்புடைய கிராமஃபோன் பதிவுகள் அடுத்த கட்டத்தைச் சேர்ந்தவை. 1913 முதல் 1929 வரையிலான காலத்தில் 97 மொழிகளிலும் கிளைமொழிகளிலுமாக 242 பேச்சு மாதிரிகள் இசைத்தட்டுகளில் பதியப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இன்று எவரும் அவற்றைக் கேட்கலாம். மாதிரிகளுள் மிகுதியும் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் உவமை. எல்லா மொழிகளையும் ஒப்பிடுவதற்குப் பொதுவானதோர் உரை தேவைப்பட்டது என்பது ஒரு காரணம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே அடங்கும் என்பதும் அவ்வேற்பாட்டிற்கு உதவியது. அளவறிந்த உரையாயின் தட்டு வீணாகாது. விளைவு என்ன? அப்பதிவுகளில் ஒலியன்களைக் கேட்கலாம், சொல்லுருபுகளைக் கேட்கலாம். ஒருவர் மற்றவரை இடைமறிப்பதையோ தயங்கித் திருத்திக்கொள்வதையோ கேட்க இயலாது. உரையாடலை ஆராய விரும்பும் மாணவருக்கு 97 மொழிகளிருந்தும் பயன் குறைவு.

டச்சு இசையியலாளர் அர்னால்ட் பாக்கே 1925இல் சாந்திநிகேதனுக்கு வந்தவர். மெழுகு உருளைகளில் பதிவைத் தொடங்கி, 1938இல் தென்னிந்தியப் பயணத்தின்போது ‘டெஃபி’ எனும் ஜெர்மானியக் கருவியைப் பயன்படுத்தினார். நாடா வடிவப் பட்டையில் ஊசி கீறிச் செல்லும் அமைப்பு அது. நேரத்தைப் பொறுத்தவரை பெரிய விடுதலை. ஆனால் அந்த வடிவம் உலகில் நிலைக்கவில்லை. சில பத்தாண்டுகளில் அப்பட்டைகளை ஒலிக்கச் செய்யும் கருவியைத் தேட வேண்டிய நிலை வந்தது. அன்று மேம்பட்டதாகத் தோன்றிய கருவி பின்னர் ஆவணக் காப்பகத்தின் தலைவலியாவது ஒலிப்பதிவு வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்வது. சோனி நிறுவனம் டேட் எனப்பட்ட எண்முறை நாடாக் கருவிகளின் உற்பத்தியை 2005இல் நிறுத்தியது. மினிடிஸ்க்கும் அவ்வழியே சென்றது.

போலந்தில் பிறந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய நாக்ரா 1950களில் வந்தது. அப்பெயர் போலிஷ் மொழியில் ‘பதிவு செய்யும்’ எனப் பொருள்படும். 1961இல் ஜெர்மனியின் ஊஹர் ரிப்போர்ட் வகைக் கருவி வந்தது. பேட்டரியில் இயங்கித் தோளில் தொங்கும் கருவிகள் இவை. ஊஹரில் 13 செ.மீ. சுருள் ஒன்று நடுத்தர வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓடும். மூன்று நிமிடம் முக்கால் மணியான இந்த மாற்றமே இந்திய நாட்டார் வழக்காற்றியலின் போக்கை மாற்றியது என்பது என் கருத்து. ராஜஸ்தானின் போருந்தா கிராமத்தில் 1960இல் ரூபாயன் சன்ஸ்தானைத் தொடங்கிய கோமல் கோத்தாரி, லங்கா, மாங்கணியார் இசைஞர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார். 1965இல் பிரெண்டா பெக் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் நாடாவில் பதிந்தார். அதே பாடகர் எழுத்தர் ஒருவரிடம் சொல்லி எழுதுவித்த வடிவமும் அவருக்குக் கிடைத்தது. இரண்டும் ஒன்றாக இல்லை.

இவ்வேறுபாட்டை எண்ணிக்கையால் காட்டிய ஆய்வு கர்நாடகத்தின் துளுநாட்டில் நிகழ்ந்தது. கோபால நாயக்கர் எனும் துளுப் பாடகர் சிரி காவியத்தை 1980களின் நடுவில் சொல்லி எழுதுவித்தபோது அது சுமார் 8,500 அடிகள் கொண்டிருந்தது. 1990 டிசம்பரில் ஃபின்லாந்து அறிஞர் லௌரி ஹொங்கோவும் கன்னட அறிஞர்களான விவேக ரை, சின்னப்ப கௌட ஆகியோரும் ஒலி, ஒளிக் கருவிகளுடன் அமர்ந்திருக்க அவரே பாடியபோது அது சுமார் 15,700 அடிகளாக விரிந்தது. எழுதுபவரின் கைக்காகக் காத்திருக்கும் பாடகர் சுருக்குகிறார். தாளமும் மூச்சும் தடைபடாத பாடகர் விரிக்கிறார். ஆனால் இன்னொன்றையும் மறக்கலாகாது. சடங்குகளில் இக்காவியம் பகுதி பகுதியாகவே பாடப்படுவது. முழுக் காவியத்தையும் தொடர்ந்து பாடியது ஆய்வாளர்களின் வேண்டுகோளால். கருவி வெறும் சாட்சியாக மட்டும் இருந்துவிடவில்லை. தடையின்றி ஓடும் நாடா தன் பங்குக்கு ஒரு பனுவலை உருவாக்கியது. ஹொங்கோ இதனை மறைக்கவில்லை, விரிவாகவே விவாதித்தார். நம் ஆய்வேடுகளின் ‘ஆய்வு முறையியல்’ இயல்களில் “ஒலிப்பதிவுக் கருவி பயன்படுத்தப்பட்டது” என்ற ஒற்றை வரியோடு இவ்விஷயம் முடிந்துவிடுவது வருந்தத்தக்கது.

இனி இன்றைய கருவிகள். 2006இல் ஜூம் எச்4, எடிரோல் ஆர்-09 ஆகியவை வந்ததிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் கருவியில் சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பாகப் பதிவு செய்வது மாணவரின் எல்லைக்குள் வந்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில் இரு தடப் பதிவு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் பிடிக்கும். 32 ஜிபி மெமரி கார்டில் முப்பது மணி நேரம் அடங்கும். நிலைமை இவ்வாறிருக்க, இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 வடிவில் பதிவு செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. அவ்வடிவம் இன்றைய செவிக்குத் தேவையற்றவை எனக் கணிக்கும் ஒலிக் கூறுகளை நீக்கிவிடுகிறது. நாளைய ஆய்வாளரின் வினா எதுவென்று அந்தக் கணிப்புக்குத் தெரியாது.

கைபேசியின் குறையும் இத்தகையதே. பேச்சைத் தெளிவாக்கும் பொருட்டுப் பல கைபேசிகள் பின்னணி ஒலியை அடக்கி, ஒலியளவைத் தாமே ஏற்றி இறக்குகின்றன. தொலைபேசி உரையாடலுக்கு அது நன்மை. ஆனால் பாடகர் குரலைத் தாழ்த்தும் இடத்தில் கைபேசி அதனை உயர்த்திவிடும். அவருக்கு இசைவாக எழும் பெண்களின் குரவையை இரைச்சல் என அடக்கிவிடலாம். ஒலியியல் மாணவருக்கு இழப்பு இன்னும் நுண்ணியது. நீலகிரியின் தோடர் மொழியில் ரகர ஒலிகள் மூன்று இடங்களில் பிறந்து வேறுபடுகின்றன. அவை ஒவ்வொன்றும் அண்ணச் சாயல் ஏற்றும் ஏற்காமலும் வரும். 1930களில் எமனோ செவியையும் பேனாவையும் நம்பி அம்மொழியில் உழைத்தார். லடிஃபோகெட், பெரி பாஸ்கரராவ், ஸ்பாயிச் ஆகியோர் 1996இல் இவ்வொலிகளைக் கருவிகளால் அளந்து காட்டினர். இரைச்சல் நீக்கம் செய்த கோப்பை வைத்துக்கொண்டு அத்தகைய அளவீட்டில் இறங்குவது வீண் வேலை.

எனவே பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் விலையுள்ள எளிய கையடக்கக் கருவியே பெரும்பாலான ஆய்வுகளுக்குப் போதும். 32 பிட் மிதவைப் பதிவு எனும் புதிய வசதி, சட்டென ஓங்கி ஒலிக்கும் செண்டையையும் மெல்லிய குரலையும் அடுத்தடுத்துப் பதிய வேண்டியவர்க்கு உதவும். அறையின் எதிரொலியை அது நீக்காது. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெட்போனும், சட்டையில் குத்தும் மைக் ஒன்றும், மயிரடர்ந்த காற்றுத் தடுப்புறையும் வாங்குவது மேல். கருவியோடு வரும் மெல்லிய பஞ்சுறை கடற்கரைக் காற்றுக்கு ஈடு கொடுக்காது. தானியங்கி ஒலியளவை அணைத்துவிட்டு, பேசுபவரின் உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு அமைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றினும் பெரிய பயன் தருவது தொலைவைக் குறைப்பது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். சுற்றுப்புற இரைச்சல் இறங்காது. மின்விசிறியை நிறுத்தச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். கோடையில் அது கொடுமைதான். பேசுபவர் முதியவராயின் விசிறி ஓடட்டும், மைக் அவருக்கு அருகே செல்லட்டும்.

அந்தமானில் அக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அன்விதா அப்பி தம் அந்தமானியத் திட்டத்தில் அவரது குரலைப் பதிந்திருந்தார். அம்மொழியின் ஒலிப்பில் இனி எழும் எந்த ஐயத்திற்கும் பதிவுகளைத்தான் கேட்க வேண்டும். மறுமுறை சென்று கேட்டுவரலாம் என்ற வாய்ப்பே இல்லாத நிலை அது. நம் தகவலாளிகளுள் எவர் அந்நிலையில் இருக்கிறார் என்பது பெரும்பாலும் பின்னரே தெரியவரும்.

1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் பாக்கேயின் 1938ஆம் ஆண்டுப் பதிவுகளை எடுத்துக்கொண்டு கர்நாடகம், கேரளம், தமிழகம் ஆகிய பகுதிகளில் அவர் சென்ற ஊர்களுக்கு மீண்டும் சென்றனர். பாக்கே எடுத்த படச்சுருள்களில் ஒலி இல்லை. ஒலிப்பட்டைகள் தனியே இருந்தன. பாடியவர்களின் ஊரையும் மரபையும் கண்டடைய ஒலி மட்டும் போதாது, அதனுடன் இருந்த குறிப்புகளும் வேண்டும். ஆகவே பொத்தானை அழுத்தியதும் முதலில் உங்கள் குரலே பதிவாகட்டும்: நாள், ஊர், மொழி, பேசுபவர் தம்மை எவ்வாறு குறிப்பிட விரும்புகிறார், எதற்கு இசைவளித்தார், எதற்கு மறுத்தார். பிறகு கோப்பின் பெயரிலும் நாளும் ஊரும் இடம்பெறட்டும். அன்றிரவே இரண்டு படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். அதுவரை மெமரி கார்டை அழிக்க வேண்டாம்.