தரங்கம்பாடி வணிக உடன்படிக்கை (1620)

தஞ்சை நாயக்கர் இரகுநாதருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் இடையே 1620 நவம்பரில் ஏற்பட்ட வணிக ஒப்பந்தம். டேனியர் சார்பில் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே பேசி முடித்தார். தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும், மிளகு ஏற்றுமதி செய்யவும், தங்கள் சமயத்தைப் பின்பற்றவும் டேனியருக்கு உரிமை கிடைத்தது. நாயக்கருக்கு ஆண்டுதோறும் திறை வந்தது.

ஒப்பந்தத்தையொட்டி டேனிய மன்னருக்கு இரகுநாதர் அனுப்பிய மடல் பனையோலை வடிவில் தட்டிய தங்கத் தகடு. வாசகம் தமிழில், கையொப்பம் மட்டும் தெலுங்கில். கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் அது இன்றும் இருக்கிறது. தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய ஏடு அது.

தரங்கம்பாடியில் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை வழியே சோழமண்டலத் துணி கப்பலேறியது. அதில் ஒரு பங்கு ஐரோப்பா சுற்றி மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ரா அருகே டேனியரின் கிறிஸ்தியான்ஸ்போர்க் கோட்டைக்குப் போய், அங்கே அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களுக்கு விலையானது. காவிரி டெல்டாத் தறியின் வரலாற்றில் இந்த வேதனையை மறைக்கக் கூடாது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். 1861இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்ததும் வணிகம் அங்கே நகர்ந்தது. வணிகம் ஓய்ந்த தரங்கம்பாடியின் கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.