மானிப்பாய் முதல் அல்மா அற்றா வரை: யாழ்ப்பாணத்து வைத்தியக் கல்வியும் கூட்டு உழைப்பும்

யாழ்ப்பாணத்து மேலைத்தேய வைத்திய வரலாற்றை எழுதுவோர் அதனைப் பெரும்பாலும் தனிமனிதரின் சாதனைப் பட்டியலாகவே அமைத்து வந்துள்ளனர். ஆயின், நோயாளியைப் பராமரித்தல் எக்காலத்தும் தனியொருவர் செயலாக இருந்ததில்லை. வைத்தியர், தாதியர், மருந்து கலப்போர், மருத்துவச்சி, புண் கழுவிக் கட்டுவோர் ஆகியோரின் உழைப்பு ஒருங்கிணையும்போதே வைத்தியம் நிகழ்கிறது. அவ்வுழைப்பு எவ்வாறு பிரிக்கப்பட்டது, எவருக்கு எம்மொழியில் எவ்வறிவு வழங்கப்பட்டது என்னும் வினாக்களைக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதே இங்கு நமது முயற்சியாகும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனை மொழி. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். 1864இல் அவர் தமிழ்மூலப் போதனைக்கு மாறியதில் இவ்வனுபவத்துக்குப் பெரும் பங்குண்டு. அவரிடம் பயின்ற 60க்கு மேற்பட்டோருள் 33 பேர் தமிழிலேயே கற்றனர். இம்மாற்றத்தைத் தமிழ்ப்பற்று என்று மட்டும் விளக்குவது போதாது. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தில் ஆங்கிலம் உத்தியோகத்துக்கான கடவுச்சீட்டாக இருந்தது. அறிவைக் கிராமத்தில் நிறுத்துவதாயின் அதன் மொழியையும் மாற்ற வேண்டியிருந்தது.

தமிழ்மூலப் போதனைக்கு நூல்கள் வேண்டும். ‘மருத்துவ வைத்தியம்’ (1857), ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875), ‘மனுஷ சுகரணம்’ (1883) முதலியன இத்தேவையின் விளைவுகளே. இவற்றைக் கிறீன் ஒருவரின் ஆக்கங்களாகக் கூறுவது மரபாயினும், டன்வத், சப்மன், போல் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பிற் பங்கேற்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின்னரும் இப்பணி தொடர்ந்தது. கலைச்சொல்லாக்கமும் திருத்தமும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஆற்றிய உழைப்பாயின. நம்மிடையே நிகழ்ந்த கூட்டுக் கற்றலின் முன்னோடி வடிவங்களுள் ஒன்றை இங்குக் காண்கிறோம்.

எனினும், அக்கூட்டுறவின் எல்லையையும் கூறியாதல் வேண்டும். ‘மருத்துவ வைத்தியம்’ என்னும் நூற்பெயர் இன்றைய வாசகருக்குக் கூறியது கூறலாகத் தோன்றக்கூடும். அது பிரசவம் பற்றிய நூல். ‘மருத்துவம்’ என்ற சொல் அங்கு மருத்துவச்சியின் தொழிலைக் குறிக்கிறது. பரம்பரை பரம்பரையாகப் பிரசவம் பார்த்தவர்கள் பெண்கள். அவர்களுட் பலர் சாதியமைப்பின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்டிருந்தவர்கள். மானிப்பாயில் அந்நூலைக் கற்று வைத்தியரானோரோ ஆண்கள். தொழிலின் பெயர் நூலில் ஏறியது. தொழிலாளி வகுப்பறைக்குள் ஏறவில்லை. மொழித்தடையை நீக்கிய கல்வி சாதித்தடையையும் பால்தடையையும் தீண்டாது நின்றதை இம்முரண்பாடு புலப்படுத்துகிறது. 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி தோன்றியமை இக்குறையை ஓரளவே ஈடுசெய்தது.

இதற்கிடையில், 1870இல் கொழும்பில் ஆங்கிலமூல வைத்தியப் பாடசாலை நிறுவப்பட்டது. அரச அங்கீகாரமும் வேதனமும் அப்பாதையிலேயே கிடைத்தன. தமிழ்மூலக் கல்வி நிலைபெறவில்லை. வைத்தியசாலையினுள் பதவிப்படிகள் இறுகின. கட்டளையிடுவோர் மொழி வேறு, நோயாளியின் மொழி வேறு என்றாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று நோயாளிக்கு விளக்கம் கூறும் பொறுப்பு தாதியர் மீதும் சிற்றூழியர் மீதும் விழுந்தது. கணக்கில் வராத இவ்வுழைப்பின்றி எந்த வாட்டும் இயங்கியிராது.

கூட்டுப்பணி என்னும் கருத்து மீண்டும் தலையெடுத்தது பொதுச் சுகாதாரத் துறையிலாகும். 1926இல் களுத்துறையில் அமைக்கப்பட்ட இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு, வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவமாது ஆகியோரை ஒரே மக்கட்பிரிவுக்குப் பொறுப்பாக்கியது. 1978இல் அல்மா அற்றாப் பிரகடனம் இதனை உலகக் கொள்கையாக்கி, வைத்தியர் முதல் சமூக ஊழியர் வரையிலானோரும், தேவைக்கேற்பப் பாரம்பரிய வைத்தியரும் ஒரே குழுவாகப் பணியாற்றப் பயிற்றப்பட வேண்டும் எனக் கூறிற்று. அதே 1978இலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தோன்றியது. காலப்போக்கில் கைதடியிற் சித்த மருத்துவக் கல்வியும், பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தாக்கவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்ட நெறிகளும் சேர்ந்தன. 2010இல் உலக சுகாதார நிறுவனம், வெவ்வேறு தொழில்களைப் பயில்வோர் ஒருவரோடொருவர், ஒருவரிடமிருந்தொருவர், ஒருவரைப் பற்றியொருவர் கற்க வேண்டும் என வரையறுத்தது.

குழுவிற்குரிய உறுப்பினர்கள் ஒரே பல்கலைக்கழகத்திற் கற்கிறார்கள். ஆயினும் அவர்களை ஒரே மண்டபத்தில் அமர்த்துவதால் மட்டும் குழு உருவாகிவிடாது. கூட்டுக் கற்கையின் பாடப்பொருள் நோயாளி பேசும் தமிழிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் அதுவே அனைவருக்கும் பொதுவான ஒரே மூலம். தாதியோ மருத்துவமாதோ கண்டறிந்ததை வைத்தியர் ஏற்றுத் தம் முடிவை மாற்றிக்கொள்ளும் பயிற்சியும் அங்கு இடம்பெற வேண்டும். மானிப்பாய் அனுபவம் முதலாவதன் சாத்தியத்தை நிரூபித்தது. இரண்டாவதை அது முயன்று பார்க்கவில்லை. சாதியும் பாலும் பதவியும் எழுப்பிய சுவர் வாட்டினுள் நிற்கும்வரை, குழு என்பது கடமைப் பட்டியலில் மட்டுமே இருக்கும். அதன் விலையை நோயாளியே செலுத்துவார்.