விழும் அச்சமும் அதன் அளவீடும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரின் முதுமையை முன்வைத்து

முதுமையில் கீழே விழுவதைப் பற்றி மருத்துவம் நெடுங்காலமாகப் பேசிவந்துள்ளது. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தைத் தனியொரு ஆய்வுப்பொருளாக அது எடுத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. 1982இல் வெளிவந்த ஒரு கட்டுரை இவ்வச்சத்திற்கு ‘டோஃபோபியா’ என்று பெயரிட்டது. அதே ஆண்டில் மர்ஃபியும் பெர்னார்ட் ஐசக்ஸும், விழுந்தபின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 36 முதியோரை ஆராய்ந்தனர். அவர்களுள் பலர் துணையின்றி ஓரடியும் வைக்க இயலாமல், கைக்கெட்டிய பொருளையெல்லாம் பற்றிக்கொள்ள முயன்றதை அவர்கள் பதிவுசெய்தனர்.

இவ்விரு பார்வைகளும் அச்சத்தை ஒரு நோயாகவே கண்டன. ஒருமுறைகூட விழாதவரிடத்தும் இவ்வச்சம் உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அஞ்சுபவர் நடமாட்டத்தைக் குறைக்கிறார். குறைத்ததனால் கால் தசைகள் வலுவிழக்கின்றன. வலுவிழந்த கால் உண்மையிலேயே இடறுகிறது. அச்சமே விழுகைக்கு வழிகோலும் இந்தச் சுழலை விளக்க ‘நோய்’ என்னும் சொல் போதவில்லை.

திருப்பம் 1990இல் நேர்ந்தது. ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டை அடியொற்றி, மேரி டினெட்டி குழுவினர் 10 அன்றாடச் செயல்களைக் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். ‘அஞ்சுகிறீர்களா?’ என்று அது கேட்கவில்லை. விழாமல் இச்செயலைச் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்றே கேட்டது. லூசி யார்ட்லியும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் 2005இல் அதனை விரிவாக்கி 16 வினாக்கள் கொண்ட பன்னாட்டு வடிவத்தைத் தந்தனர். ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 16 முதல் 64 வரை. மதிப்பெண் கூடக்கூட அச்சமும் மிகுதி எனக் கொள்ளப்படும். உறவினரைக் காணச் செல்லுதல், கூட்டத்தில் நடத்தல், சரிவில் ஏறியிறங்குதல் முதலியன இதில் இடம்பெற்றன. வீட்டுக்குள் அடங்கியிருந்த அளவுகோல் தெருவுக்கு வந்தது இதன் சிறப்பு எனலாம்.

ஆயினும் செயல்களின் பட்டியலைக் கொண்டே அச்சம் அளக்கப்படும்போது, யாருடைய செயல்கள் அவை என்னும் வினா தவிர்க்க முடியாததாகிறது. திருப்பூர் இவ்வினாவைக் கூர்மையாக்கும் ஊர். பனியன் தொழில் அங்கு வேரூன்றியது 1920களில். 1978இல் இத்தாலிக்கு நேரடி ஏற்றுமதி தொடங்கியதாகத் தொழில் வரலாறு கூறும். அதன் பின்னரே மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதிகளிலிருந்தும் இளைஞர் திரளாக வந்து சேர்ந்தனர். பஞ்சப்படி கோரி 1984இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்தின்போது இருபது வயதினராய் இருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். இளமையின் நகரமாகவே எழுதப்பட்டு வந்த திருப்பூருக்கு இது புதிய நிலை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 விழுக்காட்டினர், அவ்விகிதம் அதன்பின் உயர்ந்தே வந்துள்ளது.

இத்தலைமுறையினரில் பலர் வாழ்வது லைன் வீடுகளில். ஒற்றை அறை, உயர்ந்த வாசற்படி, வரிசையின் கோடியில் பொதுக் கழிப்பறை, துவைக்கும் கல்லைச் சுற்றிப் பாசி படிந்த ஈரத்தரை. நாற்காலியிலிருந்து எழுவதைப் பற்றிப் பன்னாட்டு வடிவம் கேட்கிறது. இவர்களுக்கோ பாயிலிருந்து எழுவதும் குந்தியிருந்த நிலையிலிருந்து எழுவதுமே சோதனை. பவர் டேபிளில் உட்காரவோ செக்கிங் மேசையருகே நிற்கவோ இயலாத மூத்த பெண்கள், வீட்டுத் தரையில் அமர்ந்து பிசிறு வெட்டுவதுண்டு. எழும்போது சுவரைத்தான் பற்ற வேண்டும். தொலைபேசி மணி நிற்பதற்குள் ஓடி எடுப்பது பற்றியும் ஒரு வினா உண்டு. கைப்பேசி மடியிலேயே கிடக்கும் காலத்தில் அது பொருளிழந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வந்ததும் குடத்தோடு விரைதல் என்று மாற்றினால் வினாவின் உயிர் மீளும்.

சொல்லும் ஒரு சிக்கல். ஆங்கில வடிவம் ‘அச்சம்’ என்னும் கடுஞ்சொல்லைத் தவிர்த்து, அதனினும் மென்மையான, ‘கவலை’ எனத்தக்க சொல்லையே கையாண்டது. தமிழில் கவலை என்றதும் மகள் திருமணமும் கடனுமே நினைவுக்கு வரும். ‘பயமா இருக்குதுங்களா?’ என்று கேட்டால் ‘பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அச்சத்தை ஒப்புக்கொள்வது வேலையை இழப்பதற்கோ ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவதற்கோ முதற்படியாகத் தோன்றக்கூடும். ‘அங்க போறதுக்கு யோசனையா இருக்குதுங்களா?’ என்பது கொங்கு வழக்குக்கு இயைந்த வினா. தயக்கத்தைக் குறிக்கும் அந்த ‘யோசனை’யில் மானம் குறைவதில்லை. நோயுற்றுக் கிடப்பதையும் ‘படுக்கையில் விழுதல்’ என்று சொல்லும் மொழியில், விழுதல் என்ற சொல்லே முடிவின் சாயலைக் கொண்டது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது. முதுமையின் தடியைத் தமிழ் மிகப் பழைய காலத்திலேயே அறிந்திருந்தது. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புறநானூற்றுப் புலவர் தம் பாடலில் வரும் ஊன்றுகோலாலேயே பெயர் பெற்றார்.

மதிப்பெண்ணை மட்டும் நம்புவதும் பிழை. சிட்னியில் 70 முதல் 90 வயதுக்குட்பட்ட 500 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உடல்நிலையால் விழும் வாய்ப்பையும் மனத்தில் தோன்றும் வாய்ப்பையும் ஒப்பிட்டது. உடல் திடமாயிருந்தும் மிகுதியாக அஞ்சியோர் 11 விழுக்காடு. விழும் வாய்ப்பு மிகுந்திருந்தும் அஞ்சாதோர் 20 விழுக்காடு. முன்னவருக்குப் பயிற்சியும் துணிவூட்டலும் வேண்டும். பின்னவருக்கு வேண்டுவது எச்சரிக்கை. ஓவர்டைம் பார்த்தே பழகிய உடல் தன்னைப் பற்றிச் சொல்லும் சான்று இரண்டாம் வகைப்பட்டதாக இருக்கும் வாய்ப்பே அதிகம். ஆகவே வினாவோடு, தரையிலிருந்து எழச் சொல்லிப் பார்ப்பதும் வேண்டும்.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. வ. செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியது 1978இல். திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. ஆனால் அஞ்சுபவர் மருத்துவமனைப் படியேறுவதில்லை, அந்தப் படியும் அவர் தவிர்க்கும் படிகளுள் ஒன்றாதலால். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருபவர் வாசலுக்கே வருகிறார். இயன்முறை மருத்துவமும் அத்திட்டத்தில் அடக்கம். மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் அந்த நேரத்தில், ‘ராத்திரி பாத்ரூம் போக யாரையாவது எழுப்புறீங்களா, இல்ல விடியுற வரைக்கும் அடக்கிட்டுப் படுத்திருக்கீங்களா?’ என்று கேட்டுவிட ஒரு நிமிடம் போதும்.